பழைய செஷன் லைப்ரரிக்கு முன்னால் நான்கு வழிகள்

வீடியோ அழைப்பு என்றால் என்ன? ஆடியோ அழைப்பு, கூடவே படம். இணையம் வழியாக அழைப்புகளை நடத்தும் எங்கள் லைப்ரரியை (செயலிகள் எடுத்துப் பயன்படுத்தும் கோட் தொகுப்பை) தொடங்கியவர் இப்படித்தான் நினைத்திருக்க வேண்டும். ஒரு அழைப்பை நடத்தும் ஆப்ஜெக்ட்டுக்கு அச்சாக ஆடியோசெஷன் என்று ஒரு கிளாஸ் எழுதி, அதிலிருந்து வீடியோசெஷனை இன்ஹெரிட் செய்து, அதாவது அதன் குணங்களையெல்லாம் வாரிசாக வாங்கிக்கொள்ளும்படி வைத்திருந்தார். அன்றைக்கு அவர் இடத்தில் நான் இருந்திருந்தாலும் அதையேதான் செய்திருப்பேன்.

சிக்கல் பின்னால் வந்தது. ஆடியோவில் தொடங்கிய அழைப்பின் நடுவில் ஒருவர் கேமராவைப் போட்டால் என்ன செய்வது? ஓடிக்கொண்டிருக்கும் ஆப்ஜெக்ட் தன் கிளாஸை மாற்றிக்கொள்ள சி++ இடம் கொடுக்காது. அதனால் லைப்ரரி ஒரு குறுக்குவழியைப் பிடித்தது. ஆடியோசெஷனில் இருந்ததையெல்லாம் நகலெடுத்துப் புதிதாக ஒரு வீடியோசெஷனை உருவாக்கும், பழையதை அழித்துவிடும். இந்த இடமாற்றம் நடக்கிற சில மில்லிவினாடிகளுக்குள் எதிர்முனையிலிருந்து அழைப்பை முடிக்கும் ‘பை’ செய்தி வந்து விழுந்தால், அதை வாங்கிக்கொள்ள ஆள் இல்லை. எதிர்முனையில் போனை வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். இங்கே திரையில் நேரம் ஓடிக்கொண்டே இருக்கும்.

இந்த பக்கைத் (பிழையை) திருத்த உட்கார்ந்தபோதுதான், இது திருத்துகிற வேலை இல்லை, லைப்ரரியின் அமைப்பையே மாற்றுகிற வேலை என்று புரிந்தது. எங்கள் குழுவில் மூன்று பேர். முன்னால் நான்கு வழிகள். மேலே ஒரு மூடி போட்டுவிட்டு உள்ளே கை வைக்காமல் விடுவது ஒன்று. உள்ளேயே கொஞ்சம் கொஞ்சமாகப் பிரிப்பது இரண்டாவது. பக்கத்தில் புதிதாக ஒன்றைக் கட்டி, பயன்படுத்துகிறவர்களை மெல்ல அங்கே நகர்த்துவது மூன்றாவது. எல்லாவற்றையும் விட்டுவிட்டு பிஜேசிப், வெப்ஆர்டிசி மாதிரி ஏற்கெனவே இருக்கும் அழைப்பு லைப்ரரி ஒன்றை எடுத்துக்கொள்வது நான்காவது.

வழிகளை எடைபோடும் முன், இந்த மாதிரி லைப்ரரிக்குள் என்னதான் இருக்கிறது என்று பார்த்துவிடலாம். மூன்று வேலைகள். யார் யாரை அழைக்கிறார், மணி அடிக்கிறதா, எடுத்தாரா, வைத்தாரா என்பது சிக்னலிங். இதற்கு சிப் நெறிமுறை, அதைச் சொல்லும் இணையத் தர ஆவணம் 2002இல் வந்த ஆர்எஃப்சி 3261. எந்தக் கோடெக் (ஒலியையும் படத்தையும் சுருக்கும் முறை), எந்த போர்ட் (பாக்கெட் வந்து சேரும் வாசல் எண்), ஒரு பக்கம் மட்டும் பேசுவதா, இரு பக்கமுமா என்று இருவரும் ஒத்துக்கொள்வது இரண்டாவது வேலை. ஒருவர் எஸ்டிபி என்ற உரை வடிவில் ஆஃபர் அனுப்புவார், மற்றவர் ஆன்ஸர் கொடுப்பார். அதே ஆண்டின் ஆர்எஃப்சி 3264 இதன் விதிகளைச் சொல்கிறது. மூன்றாவது, ஒத்துக்கொண்டபடி ஒலியையும் படத்தையும் சுமக்கும் ஆர்டிபி பாக்கெட்டுகளை அனுப்புவதும் வாங்குவதும்.

மூன்று வேலைக்கும் மூன்று விதமான ஆயுள், மூன்று விதமான அவசரம். ஜி.711 என்ற கோடெக்கில் ஆடியோவுக்கு வழக்கமாக 20 மில்லிவினாடிக்கு ஒரு பாக்கெட், வினாடிக்கு 50. அதில் ஒன்று தாமதமானாலும் காதில் கேட்கும். சிக்னலிங்கில் அப்படி இல்லை. யுடிபியில் (பாக்கெட் போய்ச் சேர்ந்ததா என்று பார்க்காத அனுப்புமுறை) இன்வைட் என்ற அழைப்புச் செய்தியை அனுப்பிப் பதிலே வராவிட்டால், முன்னிருப்பு அளவுகளின்படி 32 வினாடி வரை பொறுத்திருக்கும். எங்கள் பழைய செஷன் கிளாஸ் இந்த மூன்றையும் ஒரே ஆப்ஜெக்ட்டில் வைத்து, ஒரு நேரத்தில் ஒரு த்ரெட் (இணையாக ஓடும் வேலை இழை) மட்டும் உள்ளே போகும்படி ஒரே லாக்கால் பூட்டியிருந்தது. நீளமான எஸ்டிபி ஒன்றைப் படித்து முடிக்கும் வரை ஆடியோ த்ரெட் வாசலில் நிற்கும். ‘அழைப்பில் அவ்வப்போது டக் டக்கென்று சத்தம்’ என்று வந்த புகார்களில் பாதிக்கு நெட்வொர்க்கைக் குறை சொல்லியிருக்கிறோம். சத்தம் எங்கள் லாக்கிலிருந்து வந்தது.

லாக் விஷயத்தை இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் நான்கு வழிகளையும் அளக்கிற கோல் இதுதான் என்று பின்னால் தெரிந்தது. அழைப்பு முடிந்தால் லைப்ரரி ஒரு கால்பேக்கை, அதாவது செயலி முன்பே கொடுத்து வைத்த ஃபங்ஷனைக் கூப்பிடும். கூப்பிடும்போது கையில் லாக் இருக்கும். செயலியின் திரைப் பகுதி அந்தக் கால்பேக்குக்குள்ளிருந்தே ‘இப்போது என்ன நிலை?’ என்று செஷனைத் திரும்பக் கேட்கும். டெட்லாக்: தன் கையில் இருக்கும் லாக்குக்கே காத்து அப்படியே நின்றுவிடும். அதற்கு யாரோ மருந்து கண்டுபிடித்தார்: லாக்காக இருந்த சாதா மியூடெக்ஸை, ஒரே த்ரெட் திரும்பத் திரும்பப் பூட்டக்கூடிய ரிகர்சிவ் மியூடெக்ஸாக மாற்றிவிட்டார். பூட்டு விழுவது நின்றது. அப்புறம் ஒருநாள் திரைப் பகுதியை எழுதியவர், அழைப்புதான் முடிந்துவிட்டதே என்று கால்பேக்குக்குள்ளேயே செஷனை டிலீட் செய்தார். கால்பேக் திரும்பி வந்து நின்ற இடத்தில் ஆப்ஜெக்ட் இல்லை. இதில் யார்மேல் தப்பு சொல்வது? செஷனுக்குச் சொந்தக்காரர் யார், அதை எந்த த்ரெட்டில் யார் அழிக்கலாம் என்று எங்கேயும் எழுதி வைக்கவில்லை. கிளாஸ் மரம் அழகாக இல்லை என்பது இதோடு ஒப்பிட்டால் சின்ன விஷயம்.

சரி, வழிகளுக்கு வருவோம்.

மூடி போடுவது மலிவானது. வெளியே சுத்தமான ஒரு இடைமுகம், உள்ளே பழையதைப் பிடித்திருக்கும் ஒரு பாயின்டர். இதை ஏளனமாகப் பார்க்கக் கூடாது. எங்கள் லைப்ரரியைப் பயன்படுத்துகிறவர்கள் அதன் கிளாஸ்களிலிருந்து நேரடியாக இன்ஹெரிட் செய்திருந்தார்கள். வெளியே தெரிகிற கிளாஸில் ஒரு வர்ச்சுவல் ஃபங்ஷனை நடுவில் சேர்த்தாலே போதும், எந்த ஃபங்ஷன் எங்கே என்று சொல்லும் விடேபிள் பட்டியலின் வரிசை மாறி, மறுபடி கம்பைல் செய்யாத செயலிகள் தவறான ஃபங்ஷனைக் கூப்பிடும். வெளிப்பக்கத்தைக் கெட்டியாக்காமல் உள்ளே ஒரு ஆணியைக்கூடப் பிடுங்க முடியாது. ஆகவே மூடி தேவைதான். ஆனால் மூடி மட்டும் போதுமா? இடமாற்றத்தின்போது ‘பை’ தொலைவதையும் லாக்கையும் அது தொடவே தொடாது. ஒரு வருடம் கழித்து இரண்டு இடைமுகங்களையும் காப்பாற்றிக்கொண்டிருப்போம்.

நான்காவது வழியை அடுத்து எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் வெளியாட்கள் எல்லோரும் முதலில் கேட்பது அதைத்தான்: ‘இதையெல்லாம் எதற்கு நீங்களே எழுதுகிறீர்கள்?’ நியாயமான கேள்வி. வெப்ஆர்டிசியின் சி++ கோட் சாதாரணமானதல்ல. கூகுள் 2010இல் ஜிப்ஸ் நிறுவனத்தை வாங்கி, அடுத்த ஆண்டு திறந்துவிட்ட ஒலித் தொழில்நுட்பத்தின் மேல் வளர்ந்தது அது. எதிரொலி நீக்கம், ஒழுங்கற்று வரும் பாக்கெட்டுகளைச் சீராக்கும் ஜிட்டர் பஃபர், நெட்வொர்க் அளவுக்கேற்ப பிட்ரேட்டைக் கூட்டிக் குறைப்பது என்று மூன்று பேர் குழு ஆயுசுக்கும் எழுத முடியாதவை அதில் உண்டு. எங்களைப் பொறாமைப்பட வைத்தது அதன் த்ரெட் அமைப்பு. சிக்னலிங், வொர்க்கர், நெட்வொர்க் என்று மூன்று த்ரெட்டுகள், எந்த ஆப்ஜெக்ட் எதில் வாழ்கிறது என்பதில் கறார்.

ஆனால் அதில் சிப் கிடையாது. இன்வைட், ரெஜிஸ்டர் மாதிரி சிப் செய்திகள் எல்லாவற்றையும் நாமேதான் கொண்டுவர வேண்டும். சொந்தக் கருவிகளோடு வரும் அதன் பில்ட் முறையைப் பழகுவது தனி வேலை. உள் இடைமுகங்களும் வெளியீட்டுக்கு வெளியீடு மாறும். எஸ்டிபியின் பொருளே மாறிய கதையும் உண்டு. மீடியாவை விவரிக்கும் ஒரே ‘எம்’ வரிக்குக் கீழே பல வீடியோக்களை அடுக்கும் பிளான்-பி முறையில் இருந்த குரோம் பிரௌசர், 2019 தொடக்கத்தில் வந்த 72ஆம் பதிப்பில், ஒவ்வொன்றுக்கும் தனி வரி என்னும் யூனிஃபைடு பிளானை முன்னிருப்பாக்கியது. எஸ்டிபியைச் சரம் சரமாக வெட்டி ஒட்டிக்கொண்டிருந்தவர்களுக்கு அது தலைவலி.

பிஜேசிப் எங்களுக்கு இன்னும் நெருக்கமானது. சிப், எஸ்டிபி, ஐஸ் (ரவுட்டர்களைத் தாண்டி இணையும் முறை), மீடியா எல்லாம் உள்ளே, மேலே பிஜேசுவா2 என்ற ஆப்ஜெக்ட் இடைமுகம். சி மொழியில் எழுதப்பட்டது, சின்னக் கருவிகளிலும் ஓடும். தடை இரண்டு இடத்தில். ஒன்று உரிமம்: ஜிபிஎல் (சேர்த்து வெளியிடும் நம் கோடையும் திறந்துவிடச் சொல்வது), இல்லையென்றால் காசு கொடுத்து வணிக உரிமம். எங்கள் செயலியை மூடிய கோடாக விற்பதால், இந்த முடிவு என்ஜினியர் கையில் இல்லை. இன்னொரு சிப் லைப்ரரியான லிப்லின்ஃபோனிலும் இதே மாதிரி இரட்டை உரிமம்தான். இரண்டாவது தடை நுட்பமானது. பிஜேசிப் உருவாக்காத த்ரெட் ஒன்றிலிருந்து அதன் ஃபங்ஷனைக் கூப்பிட வேண்டுமானால், முதலில் அந்த த்ரெட்டை அதனிடம் பதிவு செய்ய வேண்டும். மறந்தால் அசெர்ட்டில், நிரலை நிறுத்திவிடும் உள்சோதனையில், போய் முட்டும். விதி தெளிவானது, நல்லதும்கூட. ஆனால் எந்த ஃபங்ஷனை எந்த த்ரெட் கூப்பிடுகிறது என்று தெரியாத எங்கள் நிலையில், அந்த விதியைக் கடைப்பிடிக்க முதலில் எங்கள் வீட்டை ஒழுங்குபடுத்தியாக வேண்டும். வெளியிலிருந்து எடுப்பது உள்வேலையைத் தவிர்க்கும் என்று நினைத்தோம். அந்த வேலை வாசலிலேயே உட்கார்ந்திருந்தது.

மூன்றாவது வழிக்கு எல்லோருக்கும் தெரிந்த உதாரணம் அஸ்டரிஸ்க் என்ற தொலைபேசி இணைப்பக மென்பொருள். அதன் பழைய சிப் டிரைவரான சான்சிப் ஒரே சி ஃபைல், 30,000 வரிகளுக்கு மேல். அதை உள்ளேயே பிரிப்பதைவிட, பக்கத்தில் பிஜேசிப்பின் மேல் புதிய டிரைவர் ஒன்றைக் கட்டலாம் என்று முடிவெடுத்தார்கள். 2013 டிசம்பரில் வெளியான அஸ்டரிஸ்க் 12இல் அது வந்தது. பழையதைக் கைவிடப் போகிறோம் என்ற முறையான அறிவிப்பு 17ஆம் பதிப்பில், 2019இல். உண்மையிலேயே கோடிலிருந்து நீக்கியது 21ஆம் பதிப்பில், 2023 அக்டோபரில். ஏறக்குறைய பத்து ஆண்டுகள் இரண்டும் அருகருகே ஓடியிருக்கின்றன.

இதை நான் தோல்வி என்று சொல்லவில்லை. அந்த அளவு பயனாளர்கள் உள்ள ஒன்றுக்கு வேறு நாகரிகமான வழி இருந்திருக்குமா என்று சந்தேகம்தான். ஆனால் பத்து ஆண்டுகள் எங்கே போயின என்று பார்ப்பது பயனுள்ளது. பழையதில் ஒரு போனுக்கு ‘பியர்’ என்று ஒரே பதிவு போதும். புதியதில் எண்ட்பாயின்ட், அவர் எங்கே கிடைப்பார் என்பதற்கு ஏஓஆர், கடவுச்சொல்லுக்கு ஆத் என்று அதே விஷயம் மூன்றாகப் பிரிந்தது. வடிவமைப்பாகப் பார்த்தால் இது அருமையான பிரிவு. ஒரே ஆள் நான்கு கருவியில் பதிவு செய்வது இப்போது இயல்பாக நடக்கிறது. ஆனால் உலகம் முழுவதும் இருந்த பழைய கான்ஃபிக் ஃபைல்களை யார் மாற்றுவது? மாற்றித்தர ஒரு ஸ்கிரிப்டும் கொடுத்தார்கள். கருத்து மாறும்போது ஸ்கிரிப்ட் ஓரளவுக்குத்தான் உதவும்.

எங்களிடம் இருப்பது மூன்று பேர். பழையதில் வரும் பக்கைத் திருத்த ஒருவர், புதியதைக் கட்ட இருவர். வேலை இழுத்துக்கொண்டே போகும்போது அந்த இருவரில் ஒருவர் வேறு பிராஜெக்டுக்குப் போவார் என்பதற்கு ஜோசியம் பார்க்க வேண்டியதில்லை.

புதிதாக எழுதுவதில் எனக்கிருக்கும் பயம் இன்னொன்று. எங்கள் பழைய கோடில், மீடியாவை எங்கே அனுப்புவது என்று சொல்லும் எஸ்டிபியின் சி= வரியில் முகவரி 0.0.0.0 என்று வந்தால் அழைப்பை ஹோல்டில் போடும் ஒரு ‘இஃப்’ இருக்கிறது. பக்கத்தில் ஒரு விளக்கக் குறிப்புகூட இல்லை. புதிதாக எழுதுகிறவர் யாரும் அதை எழுத மாட்டார், ஏனென்றால் இன்றைய விதிப்படி ஹோல்டுக்கு ‘சென்ட்ஒன்லி’ அல்லது ‘இன்ஆக்டிவ்’ என்று அனுப்ப வேண்டும். 0.0.0.0 என்பது 1999இல் வந்த முந்தைய சிப் தரமான ஆர்எஃப்சி 2543 காலத்துப் பழக்கம். அப்படி அனுப்புகிற பழைய பெட்டிகள் சில இன்னும் வேலையில் இருக்கின்றன. அந்த அசிங்கமான ‘இஃப்’ போனால் அந்த வாடிக்கையாளரின் ஹோல்டும் போகும்.

மிச்சம் இருப்பது இரண்டாவது வழி. உள்ளேயே பிரிப்பது. கேட்க அலுப்பாக இருக்கும், செய்ய அதைவிட அலுப்பு. எங்கிருந்து தொடங்குவது என்பதில்தான் இதன் வெற்றி தோல்வி. நாங்கள் முதலில் கிளாஸ் மரத்திலிருந்து தொடங்கினோம். வீடியோசெஷனை எடுத்துவிட்டு, செஷனுக்குள் ஸ்ட்ரீம்களின் பட்டியல் ஒன்றை வைக்கலாம் என்று. இன்ஹெரிடன்ஸுக்குப் பதில் காம்போசிஷன் என்ற பாடம் எல்லோருக்கும் தெரிந்ததுதானே. இரண்டு வாரத்தில் தொட்ட ஃபைல்களின் எண்ணிக்கையைப் பார்த்து, தனியாக வைத்து மாற்றிக்கொண்டிருந்த அந்தக் கோட் பிராஞ்சைத் தூக்கிப் போட்டோம். மரத்தை ஆட்டினால் லாக், கால்பேக், டைமர் எல்லாம் சேர்ந்து ஆடின.

இரண்டாவது முயற்சியில் ஆஃபர்–ஆன்ஸரை மட்டும் பிடித்தோம். இந்தப் பகுதிக்கு ஒரு நல்ல குணம்: அதற்கு த்ரெட் வேண்டாம், சாக்கெட் வேண்டாம், டைமர் வேண்டாம். நம்மால் என்ன முடியும், இதுவரை எதற்கு ஒத்துக்கொண்டிருக்கிறோம், இப்போது எதிர்முனை என்ன கேட்கிறது, இந்த மூன்றையும் கொடுத்தால் போதும். பதில் எஸ்டிபியும், எந்த ஸ்ட்ரீமைத் தொடங்குவது, நிறுத்துவது என்ற பட்டியலும் வெளியே வரும். ஒரு சாதாரண ஃபங்ஷன். உள்ளே போவதும் மதிப்பு, வெளியே வருவதும் மதிப்பு. ஆப்ஜெக்ட் ஓரியன்டட் லைப்ரரியைச் சீர்படுத்தப் போய் ஆப்ஜெக்ட்டே இல்லாத ஒன்றை எழுதினோம் என்று நண்பர் ஒருவர் கேலி செய்தார். செய்யட்டும்.

இந்த ஒரு பிரிவு எத்தனை முடிச்சை அவிழ்த்தது என்று பாருங்கள். அழைப்பின் நடுவில் வீடியோ சேர்க்க மறு இன்வைட் அனுப்புகிறோம், எதிர்முனை மறுக்கிறது. அப்போது பழைய ஏற்பாடு அப்படியே தொடர வேண்டும் என்பது ஆர்எஃப்சி 3261இன் விதி. எங்கள் பழைய செஷன் ஆஃபரை அனுப்பும்போதே தன் உள்நிலையை மாற்றிக்கொண்டுவிடும், திரும்பி வர வழியில்லை. இப்போது ஒத்துக்கொண்டது ஒரு மதிப்பு, கேட்டிருப்பது இன்னொரு மதிப்பு. மறுத்தால் இரண்டாவதைக் குப்பையில் போடு, அவ்வளவுதான். ஒருமுறை வந்த ‘எம்’ வரியை அடுத்த ஆஃபரில் நீக்கக் கூடாது, வேண்டாமென்றால் போர்ட்டைப் பூஜ்யமாக்க வேண்டும் என்ற விதி பத்து இடத்தில் சிதறிக் கிடந்தது. இப்போது ஒரே இடத்தில் இருக்கிறது.

ஃபோர்க்கிங்கும் அப்படியே. ஒரு இன்வைட் அனுப்பினால் நடுவிலிருக்கும் ப்ராக்ஸி சர்வர் அதை மேசை போனுக்கும் கைபேசிக்கும் பிரித்து அனுப்பலாம். இரண்டிடமிருந்தும் தனித்தனி ஆன்ஸர் வரும், இரண்டும் தனித்தனி டயலாக் (இரு முனைகளுக்கிடையிலான சிப் தொடர்பு). ஒரு அழைப்புக்கு ஒரு செஷன் என்று எழுதப்பட்ட பழைய கோடில் இரண்டாவது ஆன்ஸர் முதலாவதின்மேல் ஏறி உட்கார்ந்துவிடும். ஒத்துக்கொண்டது தனி மதிப்பாக ஆனதும், டயலாக் ஒவ்வொன்றும் தன் பிரதியை வைத்துக்கொள்கிறது. இதற்கென்று நாங்கள் தனியாகத் திட்டம்கூடப் போடவில்லை.

சோதனைக்கு இரண்டு கருவிகள் போதுமாக இருந்தன. நெட்வொர்க் பாக்கெட்டுகளைப் பதிவு செய்யும் வயர்ஷார்க்கில் சேமித்து வைத்திருந்த பழைய அழைப்புப் பதிவுகளிலிருந்து ஆஃபர்களை உருவி, பழைய கோட் என்ன பதில் சொல்கிறதோ அதையே புதியதும் சொல்கிறதா என்று ஒப்பிட்டோம். வேறுபடும் ஒவ்வொரு இடத்திலும் யார் சரி என்று உட்கார்ந்து பேசினோம். பல இடங்களில் பழையதுதான் சரி. சிக்னலிங் பக்கத்துக்கு சிப்-பி. எக்ஸ்எம்எல்லில் காட்சி எழுதிக் கொடுத்தால் எதிர்முனைபோல நடிக்கும். இரு பக்கமும் ஒரே நேரத்தில் மறு இன்வைட் அனுப்பி முட்டிக்கொள்வதைக் கையால் நிகழ்த்துவது கஷ்டம். சிப்-பியில் அதை நினைத்தபோதெல்லாம் நடத்தலாம். ‘இன்னொன்று நடந்துகொண்டிருக்கிறது’ என்று சொல்லும் 491 பதில் போகிறதா, சற்றுப் பொறுத்து மறுபடி முயல்கிறதா என்றும் பார்க்கலாம். ஆயிரம் அழைப்பை ஓடவிட்டு ஒவ்வொன்றின் நடுவிலும் ‘பை’ அனுப்பியபோதுதான், அந்த முதல் பக் நாங்கள் நினைத்ததைவிட அடிக்கடி நடக்கிறது என்று தெரிந்தது.

இரண்டாவது வழியின் குறையையும் சொல்லிவிட வேண்டும். மாதக்கணக்கில் வெளியே காட்ட எதுவும் இருக்காது. டெமோவில் பழைய செயலி பழையபடியே ஓடும். ‘என்ன மாறியிருக்கிறது?’ என்று மேலாளர் கேட்டால் சோதனைகளின் எண்ணிக்கையைத்தான் காட்ட முடியும். லாக் பிரச்சினைக்கு எளிய தீர்வும் இதில் இல்லை. சிக்னலிங் எல்லாம் ஒரே த்ரெட்டில், மீடியாவுக்குச் செய்தி வரிசை வழியாக மட்டும் கட்டளை, கால்பேக்குகள் லாக்கை விட்ட பிறகே என்று மாற்றிக்கொண்டு வருகிறோம். ஒவ்வொரு அடியிலும் எதையாவது மிதித்துவிடுகிறோம்.

உங்கள் நிலைமை வேறாக இருக்கலாம். பிரௌசரோடு மட்டும் பேச வேண்டும், சிப் தேவையே இல்லை என்றால் நான் யோசிக்காமல் வெப்ஆர்டிசியை எடுப்பேன். ஜிபிஎல் உங்களுக்குத் தடை இல்லையென்றாலோ, வணிக உரிமத்துக்குக் காசு இருந்தாலோ, செயலியும் புதிது என்றால் பிஜேசிப். பயனாளர்கள் வைத்திருக்கும் கருத்தே தவறு, ‘பியர்’ மூன்றாக உடைந்தேயாக வேண்டும் என்றால் அஸ்டரிஸ்க் வழி, ஆனால் அவர்களைப் போலப் பொறுமையும் ஆளும் வேண்டும். பழைய செயலிகளைத் தொட முடியாமல், பழைய பெட்டிகளோடு பேசியாக வேண்டிய எங்களுக்கு இரண்டாவதுதான் பொருந்தியது. நாளை உரிமச் சிக்கல் தீர்ந்து பிஜேசிப்புக்கே போனாலும், ஆஃபர்–ஆன்ஸரும் த்ரெட் எல்லையும் தனியே நிற்பதால் மாற்றுவது கைக்கு அடங்கிய வேலையாக இருக்கும்.

வீடியோசெஷன் கிளாஸ் இப்போது காலி. யாரோ ஒருவர் அதிலிருந்து இன்ஹெரிட் செய்திருப்பதால் பெயருக்கு நிற்கிறது. அந்த 0.0.0.0 ‘இஃப்’ புதிய ஃபங்ஷனுக்கு அப்படியே வந்துவிட்டது, கூடவே ஒரு சோதனையும், அது எந்தக் காலத்துப் பழக்கம் என்று ஒரு வரிக் குறிப்பும்.